யாரும் லைன் கிளியர் கேட்காத ஓராண்டு

பள்ளிச் சான்றிதழை நம்பினால் நான் பிறந்தது 1964 மே மாதம். அம்மா கணக்குப்படி அந்த வருஷத்துக் கார்த்திகை. தீபம் ஏற்றிய மூன்றாம் நாள். ஒன்றாம் வகுப்பில் சேர ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே! எங்கள் ஊர்த் தலைமையாசிரியர், வந்த பிள்ளைகளையெல்லாம் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்லுவார். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆயிற்று. உடனே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிவிடுவார். என் வயதுக்காரர்களில் ஏகப்பட்ட பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பதும், வருஷா வருஷம் மே 31 அன்று அலுவலகம் அலுவலகமாக மாலையும் சால்வையும் விழுவதும் இப்படித்தான். 2024 மே 31, வெள்ளிக்கிழமை, எனக்கு விழுந்தது.

"அந்த வாத்தியார் மட்டும் உங்க அம்மா சொன்னதை எழுதியிருந்தா இன்னும் ஆறு மாசச் சம்பளம் வந்திருக்கும்" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லுவாள். சம்பளம் ஒரு சாக்கு. ஆறு மாதம் முன்னதாகவே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டாரே என்பதுதான் அவர் மேல் அவளுக்கு உள்ள நிஜமான கோபம்.

நான் ஸ்டேஷன் மாஸ்டர். 35 ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலுள்ள சின்ன ஸ்டேஷன்களில். நள்ளி, துலுக்கப்பட்டி, நாரைக்கிணறு என்று, பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் எக்ஸ்பிரஸ் வண்டிகள் தாண்டிப் போய்விடும் ஊர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் என்றால் டிக்கெட் கொடுப்பவர் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். சின்ன ஸ்டேஷனில் அதையும் கொடுப்போம். ஆனால் வேலை என்பது லைன் கிளியர்தான். பக்கத்து ஸ்டேஷன்காரர் ஒரு வண்டியை என் பக்கம் அனுப்ப வேண்டுமென்றால் என்னிடம் கேட்க வேண்டும். முன்னால் வந்த வண்டி முழுசாக வந்து சேர்ந்து, பாதை காலியாக இருந்தால்தான் நான் சரி சொல்லுவேன். சொன்னதற்கு அடையாளமாக, தாளில் வரிசையாக அச்சடித்திருக்கும் இரண்டு இலக்க எண்களில் ஒன்றை வாசிப்பேன். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். வாசித்த எண்ணை உடனே அடித்துவிட வேண்டும், மறுபடி வராது.

நான் சேர்ந்த காலத்தில் ஒற்றைப் பாதை. அப்போது இந்தச் 'சரி'க்கு எடைகூட இருந்தது. டோக்கன் கருவியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு உருண்டு கையில் விழும். அதைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தோடு ஓடுகிற இன்ஜினை நோக்கி நீட்டினால், டிரைவர் தோளை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டு போவார். இரவு, மழை, முகத்துக்கு நேரே இன்ஜின் வெளிச்சம் எல்லாம் உண்டு. அந்தக் குண்டு கைக்கு வராமல் எந்தப் பெரிய டிரைவரும் வண்டியை அடுத்த ஸ்டேஷனுக்கு ஓட்ட மாட்டார்.

ஆக, நான் 'சரி' சொல்லாமல் எதுவும் நகராது என்ற நினைப்பிலேயே காலத்தை ஓட்டியவன். ஜூன் 1-ம் தேதி காலையில் எழுந்து பார்த்தால் என்னைக் கேட்காமலே எல்லாம் நகர்ந்துகொண்டிருக்கிறது. பால் வந்தாயிற்று, மோட்டார் ஓடி நின்றாயிற்று, இட்லி வெந்தாயிற்று. பெங்களூரிலிருந்து மகள் போன் செய்து பேசி முடித்து, "அப்பா எழுந்ததும் கேட்டேன்னு சொல்லு" என்று வைத்தும் விட்டாள். நான் ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் பெருக்க முடியாது என்றாள் மனைவி. திண்ணைக்குப் போனேன். அங்கே வடகம் காய்ந்துகொண்டிருந்தது. ஷிப்ட் புருஷனை வைத்துக் குடும்பம் நடத்த அவளுக்குத் தெரியும்: பகலில் தூங்குவான், பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கல்யாணம் காட்சிக்கு அவன் வர மாட்டான், கவரில் அவன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முழு நேரமும் விழித்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்காவது திருச்சியில் ரயில்வே பயிற்சிப் பள்ளி இருந்தது.

வேலை போனாலும் வேலைப் பழக்கம் போகவில்லை. ஸ்டேஷனில் வண்டி வந்த நேரம், போன நேரம் எல்லாம் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஒரு நோட்டை எடுத்து, பால்காரர், பேப்பர் பையன், குழாய்த் தண்ணீர், கேஸ் சிலிண்டர் என்று வருகிற நேரத்தையெல்லாம் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாள் பால்காரரிடம், "இந்த வாரம் முழுக்கப் பத்து நிமிஷத்துக்குக் குறையாம லேட்டா வர்றீங்க, என்ன காரணம்?" என்று நோட்டைக் காட்டிக் கேட்டேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி, "அக்கா, அண்ணாச்சிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். அன்றோடு நோட்டு அடுப்படிக்குப் போனது. இப்போது அதில் மளிகைக் கணக்கு ஓடுகிறது.

கேட்டதைத் திருப்பிச் சொல்வது இன்னொன்று. தலைமையிடத்தில் இருந்துகொண்டு போனிலேயே வண்டிகளை நடத்தும் கண்ட்ரோலர் ஏதாவது சொன்னால் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகுதான் காரியம். கடைக்குப் போகும்போது, "சின்ன வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி கால் கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு" என்று அவள் சொல்ல, நானும் அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லிவிட்டு வாசலில் நிற்பேன். "இப்ப என்னங்க, போக வேண்டியதுதானே" என்பாள். அவள் சரி என்று சொல்லவில்லை; அதனால்தான் நிற்கிறேன். இதை அவளுக்குப் புரியவைக்கவே மழைக்காலம் வந்துவிட்டது. இப்போது அவளே, "சரி, கிளம்புங்க" என்கிறாள். என்னைக் கேலி செய்வதற்காகச் சொல்கிறாளாம். எனக்கு என்ன, சரி என்ற வார்த்தை வந்தால் போதும்.

எல்லாவற்றிலும் பெரிய பழக்கம் கடைசிப் பெட்டி. வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது எல்லாரும் இன்ஜினைப் பார்ப்பார்கள். நாங்கள் வாலைப் பார்ப்போம். கடைசிப் பெட்டியின் பின்னால், லாஸ்ட் வெஹிக்கிள் என்பதன் சுருக்கமாக எல்.வி. என்று எழுதிய பலகை, ராத்திரியானால் சிவப்பு டெயில் லேம்ப். அது கண்ணில் பட்டால்தான் வண்டி முழுசாக வந்தது, நடுவில் எங்கேயும் பெட்டி கழன்று நிற்கவில்லை என்று அர்த்தம். அது வரைக்கும் அடுத்த வண்டிக்குப் பாதை கிடையாது. பச்சைக் கொடியைப் பிடித்தபடி நிற்கும்போதே கண் அச்சைத் தேடும், ஏதாவது தொங்குகிறதா, புகைகிறதா என்று. காது சக்கரத்தைத் தேடும். சக்கரம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டால் தட் தட் தட் என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போகும்.

எங்கள் வீடு கோவில்பட்டியில், தண்டவாளத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. விடியற்காலையில் நெல்லை எக்ஸ்பிரஸோ முத்துநகரோ போகும் சத்தத்தில் விழிப்பு வந்துவிடும். முன்பெல்லாம் மொட்டைமாடிக்கு ஏறிப் போய்க் கடைசிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து படுப்பேன். பார்த்து என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. சரக்கு வண்டி ஒன்று தட்டிக்கொண்டே போனால் மட்டும் அன்று பூராவும் மனசு கேட்காது. அடுத்த ஸ்டேஷன்காரர் கவனித்திருப்பாரா, கவனித்திருப்பாரா என்று இருக்கும். கவனித்திருப்பார். அதற்குத்தானே அவருக்குச் சம்பளம். குடும்பத்தோடு எங்காவது கிளம்பினாலும் நான்தான் கடைசி. எல்லாரும் இறங்கி, பேரன் செருப்பைத் தேடி எடுத்து, அவன் வெளியே வந்த பிறகு கேட்டைச் சாத்துவேன். குலதெய்வம் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனபோது இந்தப் பழக்கத்தால்தான் ஒரு சித்தப்பா ஊர் வந்து சேர்ந்தார். வேன் கிளம்பிவிட்டது, தலையை எண்ணினால் ஒன்று குறைகிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் என் மதிப்பு வீட்டில் கொஞ்சம் ஏறியது.

தீபாவளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2024 தீபாவளி அக்டோபர் 31-ம் தேதி வந்தது. தீபாவளி, பொங்கல் என்றால் ஸ்பெஷல் வண்டிகள் விடுவார்கள். எங்களுக்கு லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு. சின்னப் பிள்ளைகள் உள்ள சகாக்களுக்கு விட்டுக்கொடுத்துவிடு என்று சீனியர்கள் சொல்வார்கள். என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது எனக்கு யாரும் விட்டுக்கொடுத்த ஞாபகம் இல்லை, அது போகட்டும். இந்தத் தடவை முழுத் தீபாவளியும் வீட்டில். அதிகாலையில் எழுந்து, வீட்டுக்குப் பெரியவன் என்ற முறையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். மகன் தயங்கித் தயங்கி, "அப்பா, நம்ம வீட்ல ஆச்சிதான் எல்லாருக்கும் எண்ணெய் வைக்கிறது" என்றான். சரி, கிண்ணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். முதல் சரத்தை நான் கொளுத்தலாம் என்று பார்த்தால், அது மருமகன் வந்த வருஷத்திலிருந்து அவருடைய வேலையாம். பலகாரத் தட்டை அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். எந்த வீட்டுக்கு அதிரசம், எந்த வீட்டுக்குச் சர்க்கரை என்பதால் முறுக்கு மட்டும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அது மனைவியின் மண்டைக்குள் இருக்கிறது. நான் இல்லாமலே என் வீட்டில் ஒரு தீபாவளி இத்தனை வருஷமாக அழகாக நடந்துவந்திருக்கிறது. கொஞ்சம் சுருக்கென்று இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் அம்மா என் தலையில் எண்ணெயை வைத்து, "இவன் தலையில எண்ணெய் வச்சு எத்தனை வருஷமாச்சு" என்று பட் பட்டென்று நாலு தட்டுத் தட்டினாள். கண்ணெல்லாம் எண்ணெய். அறுபது வயசுப் பிள்ளை என்று பேரன் சிரித்தான். அம்மா கணக்கில் அன்றைக்கு எனக்கு இன்னும் அறுபது ஆகவில்லை.

காலை நடைக்குக் கதிரேசன் கோயில் மலைப் பக்கம் போகிறேன். அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மின்வாரியக்காரர், ஏட்டையா, தபால்காரர், எங்கள் ரயில்வேயில் கீமேனாக இருந்த ஒருவர். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. பழைய உத்தியோகம்தான் பெயர். நடப்பது கொஞ்சம், நின்று பேசுவது ஜாஸ்தி. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் அகவிலைப்படியில் வந்து முடியும். எனக்கு மாலை விழுந்தபோது மத்திய அரசு அகவிலைப்படி 50 சதவீதம். அந்த ஜூலைக் கணக்கில் 53, அடுத்த ஜனவரிக்கு 55. எட்டாவது சம்பளக் கமிஷன் அமைக்கப்போவதாக 2025 ஜனவரியில் அறிவிப்பு வந்தது பாருங்கள், அன்று மலையைச் சுற்றுவதையே மறந்துவிட்டோம். தலைமையாசிரியர் மாநில அரசு; அவருக்கு இதில் நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லாரையும்விட அவர்தான் ஆவேசமாகப் பேசினார்.

கமுட்டேஷன் என்று ஒன்று உண்டு. பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்தால் மொத்தமாக ஒரு தொகை கையில் தருவார்கள். விட்டுக்கொடுத்த பகுதி 15 வருஷம் கழித்து மறுபடி சேரும். அதாவது எனக்கு 75 வயதில். அதைவிட சுவாரசியமானது 80-ல் இருக்கிறது. 80 வயது ஆனால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல். 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50. நூறு வயதைத் தொட்டுவிட்டால் இன்னொரு முழுப் பென்ஷன். இதை வீட்டில் சொன்னது முதல் என் மனைவி என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. வடைக்கு இன்னொரு முறை கையை நீட்டினால், "எண்பதை நினைச்சுப் பாருங்க" என்று தட்டை நகர்த்துகிறாள். மழை பெய்தாலும் நடைக்குத் துரத்துகிறாள். இந்தப் பென்ஷன் விதியை எழுதிய அதிகாரி யாரோ, பெரிய மனோதத்துவ நிபுணராக இருக்க வேண்டும்.

எண்பது வரை போவதற்கு, ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டும். வங்கிக்குப் போய் நிற்க வேண்டியதில்லை. 2014-லிருந்து ஆதாரை வைத்து மின்னணு முறையில் கொடுக்கலாம். கை ரேகை வைக்க வேண்டும். கீமேன் அண்ணாச்சிக்கு அதில்தான் சிக்கல். தினமும் தண்டவாளத்தில் கிலோமீட்டர் கணக்கில் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் இரும்புச் சாவி தளர்ந்திருந்தால் அதைச் சுத்தியலால் அடித்து இறுக்கிய கை அது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. "உயிர் இருக்கு, ரேகைதான் இல்ல" என்று கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை தேய்ந்த கல் மாதிரி பளபளவென்று இருந்தது. கடைசியில் தெருவுக்குத் தபால் கொண்டுவரும் தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார், முகத்தை வைத்து.

முகத்தை வைத்துச் செய்வது 2021-லிருந்து இருக்கிறது, செல்போனே போதும். அதை நானே செய்கிறேன் என்று உட்கார்ந்தேன். வட்டத்துக்குள் முகத்தைக் காட்ட வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். சிமிட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்றது. வாசலுக்கு வந்து சிமிட்டினேன். கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. கழற்றினால் போனில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. அதனால் மனைவி பக்கத்தில் நின்று, "இப்ப சிமிட்டுங்க, இப்ப வேண்டாம், இப்ப சிமிட்டுங்க" என்று வாசித்தாள். நடுத்தெருவைப் பார்த்தபடி ஓர் ஆள் விடாமல் கண்ணடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எதிர்வீட்டு அம்மா தண்ணீர்க் குடத்தோடு அப்படியே உள்ளே திரும்பிப் போய்விட்டார். ஒருவழியாகப் பச்சை டிக் வந்தது. "இந்தக் குறட்டையை ரெக்கார்டு பண்ணி அனுப்பியிருந்தா ஒரே நிமிஷத்துல ஒத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

பணம் வந்ததும் வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிளாட், சீட்டு, இன்சூரன்ஸ், ஆட்டுப் பண்ணை. பள்ளியில் என்னோடு படித்ததாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். எந்த வகுப்பு என்று கேட்டதும் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டுவிட்டேன். அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம், 8.2 சதவீதம் வட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். மகனுக்கு இதில் சுவாரசியம் இல்லை. எனக்கும் சுவாரசியம் வேண்டாம்.

வருஷம் முடிகிற சமயத்தில் ராமேஸ்வரம் போனோம். பாம்பன் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி, ராம நவமி அன்று திறந்தார்கள். 1914-ல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றுவிட்டது. அந்தப் பாலத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானே சிவப்புக்குப் போய்விடும். ஸ்டேஷன் மாஸ்டர் ஆயிரம் சரி சொன்னாலும் காற்று சரி சொல்லாமல் வண்டி போகாது. புதுப் பாலத்தில் நடுவிலுள்ள 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நெட்டுக்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மதுரையில் பாசஞ்சரில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தேன். பரமக்குடியில் ஜன்னலோரம் மனைவிக்குப் போய்விட்டது.

மண்டபத்துக்கு முன்னால் வண்டி நின்றது. சிக்னல் இல்லை. நேரம் ஆக ஆகப் பெட்டிக்குள் முணுமுணுப்பு. எதிரே இருந்தவர், "ஸ்டேஷன் மாஸ்டர் தூங்கிட்டான் போல" என்றார். வாழ்நாள் பூராவும் எத்தனை வண்டியிலிருந்து எத்தனை பேர் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள்! முன்னால் ஒரு வண்டி இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது, அந்த மனுஷன் கண்ட்ரோல் போனை ஒரு காதிலும் பக்கத்து ஸ்டேஷனோடு பேசும் பிளாக் போனை இன்னொரு காதிலும் வைத்துக்கொண்டு நிற்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் வரவில்லை. "ஆமா, இந்நேரத்துக்கு நல்லாச் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்திருப்பாரு" என்றேன். சொல்லும்போது என்ன சுகம்! "மேல எழுதிப் போடணும் சார் இவங்களை" என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

மனைவி ஜன்னலிலிருந்து மெதுவாகத் திரும்பினாள். "இவங்களே ஸ்டேஷன் மாஸ்டர்தான். போன வருஷம்தான் ரிட்டையர் ஆனாங்க" என்றாள், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

அவ்வளவுதான். எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் சார், அந்த சீனியர் சிட்டிசன் சலுகையை நிறுத்திட்டீங்க?" ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணக் குறைப்பு இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்தியது இன்னும் திரும்பவில்லை. நிறுத்தியது நான் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. அதற்குள் பக்கவாட்டு சீட்டிலிருந்து ஓர் அம்மா, லோயர் பெர்த் கேட்டால் அப்பர் ஏன் தருகிறீர்கள் என்றார். ஒரு கல்லூரிப் பையன் தட்கல் பற்றிக் கேட்டான். வண்டி எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை. லோயர் பெர்த் ஒதுக்கீட்டை விளக்கிக்கொண்டிருந்தபோது பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்ந்து போனைத் தூக்கியது. எட்டிப் பார்த்தேன், முதுகுகள்தான் தெரிந்தன.

"நல்லா இருக்குங்க பாலம்" என்றாள் மனைவி. திரும்பி வரும்போது ஜன்னலோரம் எனக்கு என்று ராமேஸ்வரம் பிளாட்பாரத்திலேயே பேசி முடித்தேன். வார்த்தைக்கு வார்த்தை அவளைத் திருப்பிச் சொல்ல வைத்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினேன்.